இரண்டாவது டப்பா

இன்று கொட்டகையில் இருப்பவர்கள்: கொட்டகையின் முதலாளி பங்கிராஸ், எஞ்சின் மெக்கானிக் செல்வின், அவன் என் தங்கை மகன், பலகை அறுக்கிற ராசகனி, மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பைக் கத்தரித்துக் கொடுக்கிற செபஸ்தியாள், ரெசின் கலக்குகிற நான், நேவிஸ். ஐந்து பேர். படகுக்குச் சொந்தக்காரர் பல் டாக்டர் கர்டோசா காலையில் வந்து ஆறு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார். ஆறு நிமிஷம் நின்றவரை இருந்தவர் என்று கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. சேர்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த ஆறு நிமிஷத்தில்தான் எனக்கு அது தவறிப்போயிற்று. ஆக ஆறு பேர்.

இப்போது மணி பத்து நாற்பத்து நான்கு. பதினான்கு கிளாம்ப்பும் முறுக்கியாயிற்று. படகின் பின்பலகை, எஞ்சினைத் தாங்குகிற அந்தப் பலகை, மூன்று பிளைவுட்டாக ஒன்றின்மேல் ஒன்று ஒட்டப்பட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. முதல் பலகைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் முதல் டப்பா ரெசின், ஒரு கிலோ. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இரண்டாவது டப்பா, ஒரு கிலோ. சுற்றி ஓரத்து இடுக்கெல்லாம் அடைக்க மூன்றாவது டப்பா, ஒரு கிலோ, பவுடர் போட்டுக் களியாக்கியது. ஒவ்வொரு கிலோவுக்கும் இந்த வெயிலுக்குப் பதினைந்து மில்லி ஹார்ட்னர், அது விழுந்தால்தான் ரெசின் இறுகும், விழாவிட்டால் என்றைக்கும் தேன் மாதிரியே கிடக்கும், நாளைக்கும் கிடக்கும், அடுத்த வருஷமும் கிடக்கும். முதல் டப்பாவுக்கு மில்லி மில்லியாக எண்ணி ஊற்றினேன், தெரியும், ஒன்பது எண்ணும்போது ராசகனி தும்மினார், தும்மலைத் தாண்டிப் பத்து என்று எண்ணினேன். மூன்றாவது டப்பாவுக்கு ஊற்றினேன், தெரியும், பன்னிரண்டில் ஒரு ஈ டப்பாவின் விளிம்பில் உட்கார்ந்தது, அதை ஓட்டவில்லை, எண்ணி முடித்துவிட்டுத்தான் ஓட்டினேன். இரண்டாவது டப்பாவுக்குத் தும்மல் இல்லை, ஈ இல்லை, எண்ணிக்கை இல்லை. ரெசினைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. தராசு முள் ஒரு கிலோவில் நின்றது ஞாபகம் இருக்கிறது. ஹார்ட்னர் அளக்கிற சிரிஞ்சைக் கையில் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அப்போது டாக்டர் கார் வந்தது. அதற்குப் பிறகு என் கையில் பிரஷ் இருக்கிறது, நான் பலகைக்கு ரெசின் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒன்றுமில்லை. படியில் இறங்கும்போது ஒரு படி இல்லாமல் போனால் கால் எப்படி அந்தரத்தில் தேடுமோ அப்படித் தேடுகிறேன். என்ன கேட்டார் டாக்டர். "என்ன நேவிஸ், பல்செட் எப்படி இருக்கு, கீழ்வரிசை ஆடுதா?" அதைத்தான் கேட்டார், எல்லோர் முன்னாலும், செபஸ்தியாள் நிற்கும்போது. என் வாயில் இருப்பது என் பல் இல்லை என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருக்கலாம். நான் எண்ணும்போது உதட்டை அசைத்துத்தான் எண்ணுவேன், இன்று நேற்றல்ல, முப்பத்தொரு வருஷமாக. அவர் கேட்டதும் உதட்டை மூடிக்கொண்டு சிரிஞ்சைப் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன், பள்ளிக்கூடத்தில் திருட்டு மாங்காயை ஒளித்த மாதிரி. ஏன் ஒளித்தேன், அது என் வேலை, ஒளிக்க அதில் என்ன இருக்கிறது. "ஆடலை சார்," என்றேன். ஆடத்தான் செய்கிறது. அவர் போனபிறகு பின்னாலிருந்து கையை எடுத்தேன், சிரிஞ்சு காலி. ஊற்றி முடித்ததால் காலியா, இன்னும் நிரப்பவே இல்லாததால் காலியா?

டப்பாவைப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்ற கொட்டகைகளில் கலக்குகிறவர்கள் டப்பாவின் அடியில் ஒட்டினதை அப்படியே வைத்துவிடுவார்கள், அரை மணி கழித்துத் தட்டிப் பார்ப்பார்கள், டப்பாவில் இருப்பது கல்லாகியிருந்தால் படகில் இருப்பதும் கல்லாகியிருக்கும். டப்பாதான் சாட்சி. ஆனால் நான் கழுவிவிடுவேன். ஒவ்வொரு தடவையும், ஊற்றின கையோடு, அசிட்டோன் விட்டு, துணியால் துடைத்து, வெயிலில் கவிழ்த்து. எல்லாம் கலக்குவது இந்த ஒரே நீல டப்பாவில்தான், வாங்கி நாலு வருஷம் இரண்டு மாதம், இன்னும் புதிது மாதிரி இருக்கிறது. செல்வின் சொல்வான், "மாமா கழுவுற கழுவுல அதுல காப்பி ஆத்திக் குடிக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரிப்பான், எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருக்கும். இரண்டாவது தடவையும் கழுவினேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்று தடவை துடைத்தேன். ஊற்றினதை மறந்த மனசு துடைத்ததை எண்ணி வைத்திருக்கிறது.

பாட்டில். அரை லிட்டர் பாட்டில், இன்று காலை புதிதாக உடைத்தது. மூன்று டப்பாவுக்கும் ஊற்றியிருந்தால் நாற்பத்தைந்து போயிருக்கும், இரண்டுக்கு மட்டும் என்றால் முப்பது. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். நானூற்று முப்பதில் நிற்கிறது. எழுபது குறைகிறது. எழுபது எப்படிக் குறையும், ஓ, காலையில் செல்வின் எஞ்சின் மூடியில் இருந்த வெடிப்பை ஒட்ட எடுத்தான். அவன் நாற்பது எடுத்திருந்தால் நான் ஊற்றவில்லை. இருபத்தைந்து எடுத்திருந்தால் ஊற்றிவிட்டேன். போய்க் கேட்டால் ஆயிற்று. அவன் படகுக்கு அந்தப்பக்கம் எஞ்சினைத் திறந்து போட்டு உட்கார்ந்திருக்கிறான். நூற்றைம்பது குதிரைத்திறன் எஞ்சின், பழசு, ஆனால் பெரிய எஞ்சின்.

"ஏல செல்வின், காலைல ஹார்ட்னர் எவ்வளவு எடுத்த?"

"கொஞ்சம்தான் மாமா."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம். நகைக்கடையில நிறுக்க மாதிரி நிறுத்தா எடுப்பாவ? ஏன், தீந்துபோச்சா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

"சும்மா நீங்க எதையுமே கேக்க மாட்டியளே," என்று சொல்லிவிட்டு அவன் ஸ்பானரைத் தேடப் போய்விட்டான். கொஞ்சம். இருபத்தைந்தும் கொஞ்சம்தான், நாற்பதும் கொஞ்சம்தான். இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்கள், ஒரு அளவும் இல்லாத சொல்லை வைத்துக்கொண்டு எப்படி இவர்கள் சாப்பிட்டு, தூங்கி, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். என் தங்கை இவன் ஒருத்தனைத்தான் பெற்றாள். சனிக்கிழமை காலையில் இவன்தான் இந்தப் படகை ஓட்டப்போகிறான், துறைமுகத்து அலைத்தடுப்புக்கு வெளியே, எஞ்சினை முழுசாகத் திறந்து. டாக்டர் அப்படித்தான் கேட்டிருக்கிறார். அவர் அப்பா காலத்தில் இது மணிக்கு அறுபது மைல் போனதாம், பதினாறு அடிப் படகு, ரேஸுக்கென்றே செய்தது, தண்ணீரில் வயிறு படாமல் பறக்குமாம். அறுபது மைலில் பறக்கும்போது எஞ்சினின் மொத்தத் தள்ளலும் இந்தப் பின்பலகையில்தான் விழும். நடுப்பலகைக்கும் மூன்றாவது பலகைக்கும் இடையில் தேன் இருந்தால், பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், போல்ட் தளரும், பின்பலகை கிழியும், எஞ்சின் கடலுக்குள் போகும், பின்னாலிருந்து தண்ணீர் வரும், அறுபது மைலில் வரும் தண்ணீர் தண்ணீர் இல்லை, சுவர். செல்வினுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். சுவரில் மோதுகிறவனுக்கு நீச்சல் எதற்கு.

மணி பத்து ஐம்பத்தொன்று. இரண்டாவது டப்பாவைத் தேய்த்தது பத்து முப்பத்தொன்றுக்கு. இந்த வெயிலில் இருபத்தைந்து நிமிஷத்தில் ரெசின் கெட்டித் தயிர் மாதிரி ஆகும், அதுவரை கிளாம்ப்பைக் கழற்றினால் மூன்றாவது பலகையைப் பிரித்துவிடலாம், துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம், யாருக்கும் நஷ்டமில்லை, இரண்டு கிலோ ரெசினைத் தவிர. பத்து ஐம்பத்தாறுக்குப் பிறகு பிரித்தால், நான் ஊற்றியிருந்தால், மரம் நாராகக் கிழிந்துதான் வரும். இந்த மரம் கொச்சியிலிருந்து வந்தது, கடல் பிளைவுட், டாக்டருக்காகவே ஒரே தாள் வரவழைத்தது, அடுத்தது வர மூன்று வாரம். ஐந்து நிமிஷம் இருக்கிறது. பங்கிராஸ் அங்கே போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். போய்ச் சொல்லலாம். முதலாளி, ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயமா இது. முதலாளி, எனக்கு ஒரு சந்தேகம். முப்பத்தொரு வருஷத்தில் நான் அவரிடமோ அவர் அப்பாவிடமோ சந்தேகம் என்று போய் நின்றதில்லை. மற்றவர்களின் சந்தேகத்தைத்தான் என்னிடம் கொண்டுவருவார்கள். பக்கத்துக் கொட்டகைக்காரன்கூடக் கேட்பான், நேவிஸ் அண்ணே, மழைக்கு எத்தனை மில்லி, வெயிலுக்கு எத்தனை. நான் ஐந்தாம் வகுப்பு. பங்கிராஸ் டிப்ளமா. இருந்தாலும் எண்ணிக்கையில் அவர் என்னைத்தான் கேட்பார். பத்து ஐம்பத்து மூன்று. அவர் போனை வைக்கட்டும். பேசும்போது போய் நிற்பது மரியாதையில்லை. பத்து ஐம்பத்து நான்கு. சிரிக்கிறார், பேச்சு நீளும். கையைக் காட்டலாம். என் கையைப் பார்த்தால் வருவார். கை எழும்பவில்லை, துணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, துணி காய்ந்துதான் இருக்கிறது, நான் எதையோ துடைத்துக்கொண்டிருக்கிறேன். பத்து ஐம்பத்தைந்து. ஊற்றித்தான் இருப்பேன். ஊற்றாமல் எப்படி இருப்பேன். பத்து ஐம்பத்தாறு.

பத்து ஐம்பத்தேழு.

சரி, இனி பிரிக்க முடியாது என்றபோது ஒரு மாதிரி நிம்மதி வந்தது, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கெட்டியாகியிருந்தால் நல்லது, ஆகாவிட்டால், பார்க்கலாம், ஏதாவது தெரியும். உள்ளங்கையை மூன்றாவது பலகைமேல் வைத்துப் பார்க்கிறேன். ரெசின் இறுகும்போது சூடு வரும், கைக்குத் தெரியும். சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் கொட்டகைத் தகரத்துக்குக் கீழே எது சூடாக இல்லை, ஸ்பானர் சூடு, டப்பா சூடு, என் நெற்றி சூடு. முதல் இடுக்கின் சூடும் இந்தப்பக்கம் வரலாம். நிழலில் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்க்கிறேன், வெயில் பட்ட இடத்தில் வைத்துப் பார்க்கிறேன், மறுபடி நிழலில். விரல் கணுவால் தட்டுகிறேன். டொக். இந்த ஓரத்தில் டொக். நடுவில் டொக். வித்தியாசம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. ஓரத்தில் பிதுங்கியதைப் பார்த்தால் தெரியும், ஆனால் மூன்றாவது டப்பாக் களியை வைத்து எல்லா ஓரத்தையும் நானே அடைத்துவிட்டேன், விரலால் வழித்து, மடிப்பில்லாமல், அழகாக. அதற்கு முன்னால் பிதுங்கியதைத் துணியால் துடைத்துவிட்டேன். அந்தத் துணியைக்கூட அசிட்டோனில் அலசிவிட்டேன். ஒரு திருடன்கூட இவ்வளவு சுத்தமாகத் தடயத்தை அழிக்கமாட்டான்.

"அண்ணே, பலகைக்குக் காச்சலா, தொட்டுத் தொட்டுப் பாக்கிய?" செபஸ்தியாள் கேட்கிறாள். மேட்டைக் கத்தரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல்.

"இல்ல தாயி, சும்மா."

"இன்னைக்கு எல்லாம் சும்மாதான் உங்களுக்கு."

அவளும் கவனித்திருக்கிறாள். என் அண்ணன் லாசரை இப்படித்தான் முதலில் யாரோ கவனித்திருப்பார்கள். துறைமுகத்தில் கயிறு கட்டுகிற வேலை அவனுக்கு. ஒரு நாள் ஒரே தூணில் ஒரே முடிச்சை அவிழ்த்து அவிழ்த்து ஒன்பது தடவை போட்டானாம். கப்பல்காரன் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். முடிச்சு ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் விழுந்ததாம், ஆனால் போட்டு முடித்ததும் போட்டேனா என்று அவனுக்குச் சந்தேகமாம். அப்போது அவனுக்கு வயது அறுபத்தாறு. எனக்கு அறுபத்தேழு, வருகிற மாதம் எட்டாம் தேதி அறுபத்தெட்டு. பிறகு அவன் என்னைப் பார்த்து "நீங்க யார் வீட்டுக்கு வந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டான். தம்பியை வாங்க போங்க என்று கூப்பிட்டான். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். போன வாரம் நான் கதவைப் பூட்டினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போனேன், பூட்டியிருந்தது, அது எல்லோருக்கும் வருவதுதான். அதற்கு முந்தின வாரமும் போனேன். அதை நான் எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான், எண்ணினால் ஒரு தொகை வரும், அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது.

மணி பன்னிரண்டு. ராசகனி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவிட்டார், மீன் குழம்பு வாசனையும் ரெசின் வாசனையும் சேர்ந்து வருகிறது. நான் சாப்பிட உட்கார்ந்து, ஆறு வாய் சாப்பிட்டு, மூடி வைத்தேன். பங்கிராஸ் சொல்லிவிட்டார், ஒரு மணிக்கு உள்பக்கம் மேட் போட்டு மூடிவிடலாம், நேவிஸ் அண்ணே கலக்குங்க. மூடினால் அவ்வளவுதான், பின்பலகை கண்ணாடி நாருக்குள் போய்விடும், அதற்குள் என்ன இருக்கிறதென்று கடல்தான் திறந்து பார்க்கும். பழைய பலகையும் அப்படித்தான் இருந்தது. போன திங்கள் உள்தோலை அறுத்தபோது மேலே பளபளப்பு, பெயின்ட், கோடு எல்லாம் நாற்பது வருஷம் கழித்தும் மாப்பிள்ளை மாதிரி இருந்தது, உள்ளே மரம் நனைந்த ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. போல்ட் போட்ட நாலு துளையை எவனோ அடைக்காமல் விட்டிருக்கிறான், துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒரு ஆளின் மறதி. அவன் வெளிநாட்டுக்காரனோ நம்மாளோ, செத்திருப்பான், அவனுக்குத் தெரியாது. மக்கின மரத்தைப் பதினொரு வாளி அள்ளினோம். எனக்கு மட்டும் தெரிந்தே இருக்கிறது. அதுதான் வித்தியாசம், அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாதென்று தெரியும்.

சொன்னால் சிரிஞ்சை வாங்கிவிடுவார்கள். கோபப்பட மாட்டார்கள், பங்கிராஸ் நல்லவர், அவர் அப்பாவும் நல்லவர். நல்லவர்கள் மெதுவாக வாங்குவார்கள். சொல்லாவிட்டால் சனிக்கிழமை கரையில் நான் நிற்பேன், செல்வின் போவான், கையைக் காட்டுவான், அவன் எப்போதும் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் காட்டுவான். ஊற்றியிருப்பேன், பத்துக்கு ஒன்பது பங்கு ஊற்றித்தான் இருப்பேன். மீதி ஒரு பங்கை எங்கே வைப்பது. அந்த ஒரு பங்கில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள், வாசலில் காலை நீட்டி, அவன் சாப்பிட வருவான் என்று.

"எண்ணே, கலக்குவமா?" பங்கிராஸ் பக்கத்தில் வந்து நிற்கிறார். மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. நான் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன். கீழே வைத்தேன். வாயைத் திறந்தேன், கீழ்வரிசை ஆடியது.

"ரெண்டாவது டப்பாவுக்கு ஹார்ட்னர் ஊத்தினேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல."

இவ்வளவு சின்னதா இது. இரண்டேகால் மணி நேரமாக மலை மாதிரி நின்றது ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. செபஸ்தியாள் கத்தரியை நிறுத்தினாள். ராசகனி விரலைச் சூப்பிக்கொண்டே திரும்பினார்.

"நீங்களா?" என்றார் பங்கிராஸ். அந்த ஒரு சொல்லில் திட்டு இல்லை. திட்டு இருந்திருக்கலாம்.

"மாமா ஊத்தாம இருப்பாவளா, மொதலாளி. மாமா கனவுலயே பதினஞ்சு எண்ணுத ஆளு," என்கிறான் செல்வின். சனிக்கிழமை சாகப்போவது தான்தான் என்று தெரியாமல் எனக்காக வாதாடுகிறான்.

"வாதம் எதுக்குடே," என்கிறார் ராசகனி, "எஞ்சின் போல்ட்டுக்கு எப்படியும் நாலு துளை போடத்தான போறோம். இப்பமே ஒண்ணு போட்டுப் பாரு. டிரில் பிட்டுல பிசினு ஒட்டிச்சுன்னா ஈரம். மாவா வந்தா காஞ்சிருக்கு."

அவ்வளவு எளிது. பதினோரு மணியிலிருந்து இந்தத் தலைக்கு அது தோன்றவில்லை. செல்வின் டிரில்லை எடுத்தான். மேல் இடது துளைக்கு ராசகனி பென்சிலால் குறித்தார். நான் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டேன், மூன்றாவது பலகையில் பிட் இறங்குகிற சத்தம், இப்போது இடுக்கு, இப்போது, இங்கே, எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஈரமாக இருந்தால் என் கை தவறிவிட்டது, ஆனால் சந்தேகப்பட்ட தலை சரி. காய்ந்திருந்தால் கை சரி, தலை போய்விட்டது. செல்வின் உயிர் பிழைக்கிற மாதிரி வேண்டிக்கொள்ள வேண்டும், ஆனால் அது இரண்டிலும் பிழைத்துவிட்டது, நான் வாயைத் திறந்தபோதே பிழைத்துவிட்டது. இனி மிஞ்சியிருப்பது நான் மட்டும்தான்.

"மாவு," என்றான் செல்வின். உள்ளங்கையில் பிடித்துக் காட்டினான். வெள்ளையும் பழுப்புமாக, உலர்ந்து, ஊதினால் பறக்கிற தூள்.

"இன்னொண்ணு போடு," என்றேன்.

போட்டான். மாவு.

"கீழ ஒண்ணு."

"மாமா, காஞ்சிருக்கு மாமா."

"போடுல."

மூன்றாவது துளையும் மாவு. நான்காவதும் மாவு. தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், நகத்தால் கீறினேன், மூக்கில் வைத்துப் பார்த்தேன். பதினைந்து மில்லி சரியாக விழுந்திருக்கிறது. என் கை ஊற்றியிருக்கிறது, உதடு எண்ணியிருக்கிறது, நான் அங்கே இல்லை. யார் எண்ணியது அதை. செல்வின் தோளில் தட்டினான், ராசகனி சிரித்தார், செபஸ்தியாள் மறுபடி கத்தரியை எடுத்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். பங்கிராஸ் மட்டும் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

"எண்ணே, மனசுல ஒண்ணும் வைக்காதிய. நீங்க சொன்னது பெரிய காரியம். இனி செல்வின் கலக்கட்டும். நீங்க நிழல்ல இருந்து செபஸ்தியாக்காகூட மேட்டு கத்தரிச்சுக் குடுங்க. சம்பளத்துல ஒரு மாத்தமும் கிடையாது."

"சரி முதலாளி," என்றேன். அவர் சொன்னதில் ஒரு இடமும் தப்பில்லை, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். செல்வின் டப்பாவை எடுக்கிறான். என்னைப் பார்க்காமல் எடுக்கிறான். ரெசினைப் பிடிக்கிறான், முள் ஒரு கிலோவைத் தாண்டிப் போகிறது, கொஞ்சம் திருப்பி ஊற்றுகிறான். நான் செபஸ்தியாள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரியைப் பிடிக்கிறேன், அவள் மேட்டின் ஒரு ஓரத்தை என் பக்கம் தள்ளுகிறாள். உள்பக்கம் நாலு சுற்று மேட், மூலைகளுக்கு இரண்டு, துளைகளை அடைக்க ஒன்று, வெளிப்பக்கம் ஐந்து, மேல் விளிம்புக்கு ஒன்று. ஒரு சுற்றுக்கு ஒரு டப்பா. என் உதடு அசைகிறது, அசையட்டும். இந்தப் படகு முடிய இன்னும் பதின்மூன்று டப்பா கலக்க வேண்டும்.